பராமரிப்பு இல்ல உணவுக்குச் சர்க்கரை குறைந்த தயிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தேன். இரண்டு இடத்திலும் உணவுத் தட்டில் ஒரு கப் தயிர் தவறாமல் இருக்கும். மெல்ல வேண்டியதில்லை, வயிற்றுக்கு இதம், புரதமும் கால்சியமும் உண்டு. ஆனால் கடையில் கப்பில் வரும் பழச்சுவை யோகர்ட்டுகள் பலவற்றில் இரண்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைந்து கிடக்கிறது. உடன் வேலை செய்பவர்களும் குடும்பத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாலில் இருந்து வருவதுதானே தயிர், அதில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது, 100 மி.லி.க்கு ஏறக்குறைய 5 கிராம். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் அந்த லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. கடை யோகர்ட்டில் இந்த வேலையைச் செய்வது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டு. புளிப்பு அந்த அமிலத்தால் வருகிறது. நாலில் ஒரு பங்கு லாக்டோஸ் போனாலும் மீதி அப்படியே நிற்கும்.

அதனால் எதுவும் கலக்காத வெறும் தயிரிலும் 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் வரை சர்க்கரை காட்டும். கொழுப்பைக் குறைத்து, பால் பவுடர் சேர்த்துத் தயாரிப்பதில் 7 கிராம் வரை கூடப் போகும். இது பாலோடு வந்த சர்க்கரை, இதைக் குறைக்க யாரும் மெனக்கெட வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது தொழிற்சாலையில் மேற்கொண்டு போட்டதை மட்டும்.

லேபிளில் எந்த வரியைப் பார்ப்பது?

"சேர்த்த சர்க்கரை" என்று தனி வரி இருந்தால் அதை மட்டும் பாருங்கள், வேலை முடிந்தது. பல லேபிள்களில் மொத்தச் சர்க்கரை மட்டும்தான் இருக்கும். அப்போது ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போட வேண்டும்.

150 கிராம் கப் ஒன்றில் மொத்தச் சர்க்கரை 18 கிராம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். வெறும் தயிரில் 100 கிராமுக்கு 4.5 கிராம் என்றால் 150 கிராமுக்கு 7 கிராம் போல வரும். 18இல் 7 போக 11. ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம். ஆக, அந்தக் கப்பில் கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி வெளியிலிருந்து வந்திருக்கிறது. பழத்துண்டு நிறையப் போட்ட யோகர்ட் என்றால் பழத்தின் சர்க்கரையும் இந்த 11க்குள் இருக்கும், அதனால் இது தோராயம்தான். இரண்டு கப்பில் எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க அது போதும்.

இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. அதே நிறுவனத்தின் வெறும் தயிர் டப்பாவைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் 100 கிராமுக்கான வரியை ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் விடை. ஒரு கப்புக்கு, ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருக்கும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒருவர் கப் 90 கிராம், இன்னொருவர் கப் 170 கிராம். சின்னக் கப் எப்போதும் நல்லது போலத் தெரியும்.

எவ்வளவு வரை இருக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளில் நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு போன்றவற்றிலிருந்து வருவது 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். ஆனால் எங்கள் இல்லத்தில் பலர் 1500 கலோரி சாப்பிட்டாலே பெரிது. அவர்களுக்கு 5 சதவீதம் என்பது 19 கிராமுக்கும் கீழே. மேலே சொன்ன ஒரு கப் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

தயிருக்கென்றே வரம்பு வைத்த விதி ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் குழந்தைகள், முதியோர் பராமரிப்பு மையங்களின் உணவுக்கு அரசு பணம் தரும் திட்டத்தில், 6 அவுன்ஸ் யோகர்ட்டில் மொத்தச் சர்க்கரை 23 கிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அது சேர்த்த சர்க்கரைக்கான வரம்பாக மாறி, 6 அவுன்ஸுக்கு 12 கிராம் ஆனது. 6 அவுன்ஸ் என்பது 170 கிராம். 100 கிராமுக்கு மாற்றினால் 7 கிராம். மொத்தத்திலிருந்து சேர்த்த சர்க்கரைக்கு மாறியது சரியான மாற்றம் என்பேன், பாலின் சொந்தச் சர்க்கரைக்காகத் தயிரைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை.

நான் வைத்திருக்கும் அளவு இன்னும் இறுக்கமானது. வழக்கமாக வாங்குவது சேர்த்த சர்க்கரை இல்லாத வெறும் தயிர். சுவையூட்டியது தேவைப்பட்டால் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை உள்ளதை எடுப்பதில்லை.

பொருட்கள் பட்டியலில் சர்க்கரை என்ற சொல்லே இல்லையே?

வேறு பெயரில் இருக்கும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், இன்வெர்ட் சிரப், கார்ன் சிரப், தேன், பழுப்புச் சர்க்கரை, அடர்பழச்சாறு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வரும். பால், நுண்ணுயிர் என்று இரண்டோடு முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாலுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை நின்றால் அந்தக் கப்பைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். சில தயாரிப்புகளில் மூன்று நாலு வகைச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் பட்டியலில் பின்னால் போய்விடும், கூட்டினால் அளவு அதேதான்.

"கொழுப்பு குறைந்தது", "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்பக்கத்தில் போட்டிருந்தால் நம்பலாமா?

முன்பக்கம் விளம்பரத்துக்கு. பின்பக்கம்தான் நமக்கு. கொழுப்பை எடுத்தால் ருசி போகும், போன ருசிக்குப் பதில் சர்க்கரை வரும். கொழுப்பு குறைந்த பழச்சுவை யோகர்ட்டில் இது அடிக்கடி நடப்பது.

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று இருந்தால் அடர்பழச்சாறு இருக்கிறதா, செயற்கை இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வெனிலா. பார்க்க வெள்ளையாக, வெறும் தயிர் மாதிரியே இருக்கும். அவசரத்தில் ஆர்டர் போடுபவர் ஏமாறுவது இதில்தான். பல வெனிலா கப்புகளில் ஸ்ட்ராபெர்ரி கப்பில் உள்ள அளவு சர்க்கரை இருக்கிறது.

செயற்கை இனிப்பூட்டி போட்டதை வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு அது உதவலாம், அதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்லட்டும். எல்லோருக்கும் பொதுவாக அதை வாங்க நான் விரும்புவதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: நாக்கு அதே அளவு இனிப்புக்குப் பழகிப்போகும். சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் அதிகமானால் வயிறு உப்பும், பேதியாகும். படுக்கையில் இருக்கும் முதியவருக்கு அது பெரிய அவஸ்தை.

குழந்தைகளுக்கு எந்த வயதில் எதைக் கொடுப்பது?

6 மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியதும் வெறும் தயிர் கொடுக்கலாம். முழுக்கொழுப்புத் தயிராக இருக்கட்டும். 2 வயது வரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் எந்த வடிவிலும் கூடாது, தயிரில் ஒரு சொட்டுக் கலப்பதும் கூடாது. குழந்தைகளைத் தாக்கும் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய்க்கான கிருமியின் விதைகள் தேனில் இருக்கக்கூடும். தேன் இயற்கையானது, நல்லதுதானே என்று அன்போடு கலந்து கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் தடவை புளிக்கிறது என்று முகத்தைச் சுளித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு புதிய சுவை குழந்தைக்குப் பழகப் பத்துப் பதினைந்து முறை கூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி போதும், வற்புறுத்தல் வேண்டாம்.

எடை குறைந்துகொண்டே வரும் முதியவருக்கும் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமா?

என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. சர்க்கரையைக் குறைப்பது வேறு, சாப்பாட்டைக் குறைப்பது வேறு. இதை நான் பாடமாகத் தெரிந்துகொண்டது ஒரு பாட்டியால்.

சர்க்கரையைக் குறைப்போம் என்று முடிவு செய்த புதிதில், எல்லோருக்கும் ஒரே நாளில் கொழுப்பு நீக்கிய வெறும் தயிரை மாற்றிவிட்டோம். தாளில் எண்கள் அழகாக இருந்தன. அந்தப் பாட்டியின் கப் மட்டும் தினமும் ஓரத்தில் கரண்டி பட்ட ஒரு குழியோடு அப்படியே திரும்பி வந்தது. அதைக் கவனித்தது தட்டு கழுவும் அக்கா. "பாட்டி ஒரு வாய்தான் எடுக்கிறாங்க, மீதியைக் கைக்குட்டையால் மூடி வச்சிடறாங்க" என்றார். மாதம் முடிந்து எடை பார்த்தபோது குறைந்திருந்தது. முன்பு அவர் முழுசாகச் சாப்பிட்ட ஒரே பொருள் அந்த இனிப்பு யோகர்ட்தான், அதையும் நாங்கள் பறித்துவிட்டிருந்தோம்.

பிறகு முழுக்கொழுப்புள்ள கட்டித் தயிரை எடுத்து, ஒரு மேசைக்கரண்டி பால் கிரீம் சேர்த்து, நன்றாகக் கனிந்த பாதி வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்துக் கலந்தோம். சேர்த்த சர்க்கரை இல்லை, கலோரி முன்பை விட அதிகம். முதல் நாள் பாதி சாப்பிட்டார். நாலாம் நாள் கப் காலியாக வந்தது.

எடை குறைபவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய தயிரை வாங்காதீர்கள். அவர் இனிப்பு யோகர்ட் மட்டும்தான் சாப்பிடுவேன் என்று நின்றால், மாற்று ஒன்று அவர் வாய்க்குப் பிடிக்கும் வரை அதையே கொடுங்கள். சாப்பிடாத நல்ல உணவால் அவருக்கு ஒரு கிராம் புரதமும் போய்ச் சேராது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாற்றும்போது என்ன கவனம் வேண்டும்?

செவிலியரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். இன்சுலின் போடுபவருக்கு அளவு கணக்கிடும்போது, மாலையில் வரும் இனிப்பு யோகர்ட்டையும் சேர்த்தே கணக்கு போட்டிருப்பார்கள். அதிலிருந்து 10 கிராம் சர்க்கரை திடீரென்று காணாமல் போனால் ரத்தச் சர்க்கரை எதிர்பார்த்ததை விடக் கீழே இறங்கலாம். பழம் கலந்தால் அந்தப் பழமும் கணக்கில் வர வேண்டும், சேர்த்த சர்க்கரை இல்லை என்பதற்காகப் பழத்தில் மாவுச்சத்தே இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று. சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கும் நேரத்தில் தயிர் கொடுக்காதீர்கள். அதிலுள்ள புரதமும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். அப்போது வேண்டியது வேகமாக ஏறும் சர்க்கரை, வழக்கமாக 15 கிராம் அளவுக்கு.

மாற்றினால் யாரும் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரே நாளில் மாற்றினால் அப்படித்தான் ஆகும். கலந்து கொடுத்துப் படிப்படியாக இறங்குங்கள். 100 கிராமுக்கு 10 கிராம் சேர்த்த சர்க்கரை உள்ள யோகர்ட் உங்களிடம் இருக்கிறது என்றால், முதல் வாரம் அதில் மூன்று பங்கு, வெறும் தயிர் ஒரு பங்கு. சேர்த்த சர்க்கரை 7.5 கிராமுக்கு வரும். அடுத்த இரண்டு வாரம் பாதிக்குப் பாதி, 5 கிராம். அதன் பிறகு ஒன்றுக்கு மூன்று, 2.5 கிராம். பலர் இந்த இடத்திலேயே நின்றுகொள்கிறார்கள், அது போதும். ஒன்றுமே இல்லாத நிலைக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் முக்கியம். எங்கள் இல்லத்தில் ஓர் ஐயா இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். இளஞ்சிவப்பு நிற யோகர்ட் என்றால் சாப்பிடுவார், வெள்ளையைத் தள்ளிவிடுவார். புளிக்கிறதா ஐயா என்று கேட்டால் பதில் வராது. ஸ்ட்ராபெர்ரியை மசித்து மேலே வைத்தோம், பழத்தை எடுத்துவிட்டுத் தயிரை விட்டுவிட்டார். அதே பழத்தை அடிவரை கலந்து முழுக்க இளஞ்சிவப்பாக்கிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு வெள்ளைக் கிண்ணத்தில் வெள்ளைத் தயிர் வைத்தால் கண்ணில் படாமலே போகலாம். நீலமோ சிவப்போ, நல்ல நிறமுள்ள கிண்ணத்தில் வையுங்கள். குளிர்ச்சியும் ஒரு காரணம். ஃபிரிட்ஜில் இருந்து நேராக எடுத்தால் பல் கூசும், பத்து நிமிடம் வெளியே வைத்துக் கொடுத்தால் அதே கப் இறங்கும்.

இனிப்புக்கு வேறு என்ன சேர்க்கலாம்?

கனிந்த வாழைப்பழம்தான் எங்கள் முதல் துணை. வேகவைத்து மசித்த ஆப்பிள், பேரிக்காய், கனிந்த மாம்பழம், ஊறவைத்து அரைத்த பேரீச்சை கொஞ்சம். பேரீச்சையில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், அதனால் கை தாராளமாகப் போக வேண்டாம். சிரப்பில் ஊறிய டின் பழம் வேண்டாம், தன் சாற்றிலேயே இருப்பதை வடித்து எடுத்தால் பரவாயில்லை. இலவங்கப்பட்டைப் பொடி, ஏலக்காய், வெனிலா எசன்ஸ் ஆகியவற்றில் இனிப்பு இல்லை, ஆனால் நாக்கு இனிப்பாக இருப்பது போல எடுத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு மணம் பிடிக்கும் திறன் குறைந்திருக்கும் என்பதால் நமக்குப் போதும் என்று தோன்றுவதை விடக் கொஞ்சம் கூடப் போடுங்கள்.

மேலே தூவும் கிரனோலா, அதாவது இனிப்புச் சேர்த்து வறுத்த ஓட்ஸ் கலவையின் லேபிளையும் பாருங்கள். தயிரில் மிச்சம் பிடித்ததை அது திருப்பிக் கொடுத்துவிடும்.

கிரேக்க யோகர்ட் என்ற கட்டித் தயிர் வாங்கலாமா?

வாங்கலாம், கையில் பணம் இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. தயிர்நீரை வடித்துவிடுவதால் அதோடு கொஞ்சம் லாக்டோஸும் போய்விடும். 100 கிராமுக்குச் சர்க்கரை 3 முதல் 4 கிராம், புரதம் 9, 10 கிராம். சாதாரணத் தயிரில் புரதம் மூன்றரை கிராம்தான். நாலு கரண்டிக்கு மேல் சாப்பிடாதவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. "கிரேக்க வகை", "கிரேக்கச் சுவை" என்று எழுதியிருந்தால் புரத எண்ணைப் பாருங்கள். வடிக்காமல் ஸ்டார்ச் சேர்த்துக் கெட்டியாக்கியிருந்தால் அந்த எண் தாழ்ந்தே நிற்கும்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு?

பழத்துண்டு, விதை, கொட்டைத் தூள் எதுவும் இல்லாத வழவழப்பான தயிர். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எந்த அடர்த்தி என்று சொல்லியிருப்பார். ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலில் 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு, நான்காம் நிலை என்றால் கட்டியில்லாமல், கரண்டியில் உருக்குலையாமல் நின்று, சாய்த்தால் ஒட்டாமல் விழ வேண்டும். தயிரில் நீர் பிரிந்து நிற்பது இவர்களுக்கு ஆபத்து, ஏனென்றால் கெட்டியும் நீரும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் இறங்கும். நன்றாக அடித்துக் கலந்து உடனே கொடுங்கள், மறுபடி நீர் விட்டால் அந்தக் கப் வேண்டாம். பழத்தை அரைத்துச் சேர்த்தால் சல்லடையில் வடித்துவிட்டு, அடர்த்தியை மறுபடி பார்த்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் கொடுக்கலாமா?

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட தயிரைத் தாங்குகிறார்கள், அந்த நுண்ணுயிரே லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது. லாக்டோஸ் நீக்கிய யோகர்ட் நாக்குக்கு இனிப்பாக இருக்கும், ஆனால் லேபிளில் சர்க்கரை எண் கிட்டத்தட்ட அதேதான். லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்திருக்கிறார்கள், அவை லாக்டோஸை விட இனிப்பானவை, அவ்வளவுதான். வெறும் தயிரின் புளிப்பு பிடிக்காதவர்களுக்கு இதை நான் கொடுத்துப் பார்ப்பதுண்டு.

பால் ஒவ்வாமை முற்றிலும் வேறு விஷயம். அது பால் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமை, தயிர் ஒரு துளியும் கூடாது. சோயா ஒத்துக்கொண்டால் சர்க்கரை சேர்க்காத சோயா யோகர்ட் நல்ல மாற்று, புரதம் பால் தயிருக்கு அருகில் வரும். தேங்காய், பாதாம் வகைகளில் புரதம் மிகக் குறைவு. எதுவானாலும் கால்சியம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தாவர யோகர்ட் சிலவற்றில் சுவையூட்டாத வகையிலும் சர்க்கரை போட்டிருப்பார்கள்.

மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

மாத்திரையைப் பொடித்துத் தயிரில் கலந்து கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மருந்தாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைத் தயிரின் கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரையும் எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போக வேண்டியவை. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கும், சிறுநீரக நோயால் பாஸ்பரஸ், பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கும் தயிர் எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும்.

பெரிய டப்பா வாங்குவதா, தனிக் கப்பா?

வெறும் தயிர் என்றால் பெரிய டப்பா. விலை குறையும், ஆளுக்கு ஏற்ற மாதிரி நாமே கலக்கலாம். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள், திறந்த தேதியை டப்பாவின் மீதே எழுதுங்கள், லேபிளில் சொன்ன நாளுக்குள் முடியுங்கள். எடுக்க ஒவ்வொரு முறையும் சுத்தமான கரண்டி. சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். மேலே நிற்கும் தெளிந்த நீர் கெட்டுப்போன அடையாளம் இல்லை, கலக்கிவிடலாம். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் முழு டப்பாவையும் கொட்டிவிட வேண்டும்.

தொற்று பரவும் காலத்திலும், இரவு நேரத்தில் ஊழியர் குறைவாக இருக்கும்போதும் தனிக் கப் வசதி. அதற்கென்று சர்க்கரை சேர்க்காத கப் சிலவற்றை எப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

குடும்பத்தினர் இனிப்பு யோகர்ட் வாங்கி வந்தால் மறுப்பதா?

மறுக்காதீர்கள். மகள் வாங்கி வந்த கப்பை அம்மா சாப்பிடுவது வெறும் சாப்பாடு இல்லை. இரவில் பல் துலக்கிய பிறகு கொடுக்காமல், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வாய் உலர்ந்திருக்கும் முதியவர்களுக்குப் பல் சொத்தை வேகமாக வரும், சர்க்கரை வாயில் எத்தனை முறை படுகிறது என்பது அங்கே முக்கியம். இல்லத்தில் நீங்கள் கலக்கும் தயிரை அவர்களுக்கும் ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுங்கள். அடுத்த முறை சிலர் பழத்தோடு வருவார்கள்.

விநியோகிப்பவரிடம் ஆர்டர் எப்படி எழுதுவது?

"தயிர்" என்று மட்டும் எழுதினால் கையில் இருப்பதை அனுப்புவார்கள். எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: "வெறும் தயிர், சர்க்கரையோ இனிப்பூட்டியோ சேர்க்காதது, முழுக்கொழுப்பு, உயிருள்ள நுண்ணுயிருடன். பொருட்கள் பட்டியலில் பால், பால் பொருட்கள், நுண்ணுயிர் தவிர வேறு எதுவும் கூடாது. கிடைக்காவிட்டால் மாற்றை அனுப்பும் முன் அழைத்துக் கேட்கவும்." இந்தக் கடைசி வரியைச் சேர்க்காத நாட்களில் வெறும் தயிருக்குப் பதில் வெனிலா வந்து இறங்கியதுண்டு. இப்போது வண்டி வந்ததும், கையெழுத்துப் போடும் முன், ஒரு டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் உள்ளே எடுக்கிறோம்.